குடும்பச் சிக்கனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுச் செலவு, சேமிப்பு என்று பேச்சு வந்தாலே திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பல வருஷமாக வீட்டுக் கணக்கை எழுதி வருகிறவள் என்பதால் பதில்களில் என் அனுபவமும் கலந்திருக்கும். விலை எதுவும் சொல்லவில்லை. அளவும் விகிதமும்தான் இருக்கின்றன, அவற்றை உங்கள் வீட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் என்ன வித்தியாசம்?

தேவையானதற்குத் தயங்காமல் செலவு செய்ய வேண்டும் என்பதற்காக, தேவையில்லாத இடத்தில் கையை இழுத்துப் பிடிப்பது சிக்கனம். தேவையானதற்கே கை வராமல் போனால் அது கஞ்சத்தனம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பதைச் சிக்கனம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி இறுக்கிப் பிடித்த வீடுகளில் சில மாதத்திலேயே யாராவது ஒருவர் பொறுமை இழந்து, சேர்த்ததை ஒரே நாளில் கரைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

எதையும் குறைக்காமல் ஆரம்பியுங்கள். முதல் மாதம் எப்போதும் போலவே செலவு செய்துவிட்டு, செய்ததை எழுதி வையுங்கள். எங்கே போகிறது என்று தெரியாமல் எதைக் குறைப்பது?

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1904-இல் ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் குடும்பங்களுக்கென்றே ஒரு கணக்கேட்டை வெளியிட்டார். 'ககேபோ' என்கிற அந்த வழக்கம் இன்றும் அங்கே இருக்கிறது. போனிலேயே கணக்கு வைக்க எத்தனையோ செயலிகள் வந்துவிட்ட பிறகும் நான் நோட்டையும் பேனாவையும் விடவில்லை. கையால் எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு நொடி நிற்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நொடிக்காகத்தான்.

எங்கள் வீட்டில் முதல் மாதக் கடைசியில் நானும் கணவரும் நோட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து உட்கார்ந்தோம். நோட்டில் இல்லாத ஒரு சின்னத் தொகை வங்கித் தாளில் இருந்தது. முந்தைய மாதத்தைப் பார்த்தால் அங்கேயும் இருந்தது. பின்னாலேயே போனால் பதினான்கு மாதம். வீட்டில் உடற்பயிற்சி செய்யச் சொல்லித்தரும் ஒரு செயலியை ஒரு மாதம் இலவசம் என்பதற்காக இறக்கி, நாலு நாள் பார்த்துவிட்டு மறந்திருக்கிறோம். அது எங்களை மறக்கவில்லை. கணவர் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் அழுத்திப் போட்ட இரண்டு கோடுகள் இன்னும் அந்த நோட்டில் இருக்கின்றன. அன்று முதல், இலவச மாதம் எதிலாவது சேர்ந்தால், அது முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் போனில் அலாரம் வைத்துவிடுகிறோம்.

எழுத ஆரம்பித்து இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறேன். என்ன செய்வது?

தலைப்புகளைக் குறையுங்கள். இருபது தலைப்பு போட்டால் யாருக்கும் அலுத்துவிடும். சாப்பாடு, வீடு, போக்குவரத்து, மருத்துவம், பிள்ளைகள், மற்றவை என்று ஆறே போதும். நாலு நாள் விட்டுப் போனால் அதை நினைவுபடுத்தி எழுத உட்காராதீர்கள். 'தெரியவில்லை' என்று ஒரு தொகையைப் போட்டுவிட்டு இன்றிலிருந்து தொடருங்கள். மூன்று மாதம் எழுதினால் உங்கள் வீட்டின் போக்கு பிடிபட்டுவிடும். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் எழுதினாலும் சரி.

சேமிக்க நினைக்கிறோம், ஆனால் மாசக் கடைசியில் மிச்சமே இருப்பதில்லையே?

மிச்சத்தைச் சேமிக்க நினைத்தால் மிச்சம் இருக்காது. சம்பளம் வந்த அன்றே, முடிந்தால் அடுத்த நாளுக்குள், ஒரு பங்கை வேறு கணக்குக்குத் தானாகவே போகும்படி செய்துவிடுங்கள். அந்தக் கணக்குக்கு அட்டை வேண்டாம், போனில் அதன் செயலியும் வேண்டாம். எடுக்கச் சிரமமாக இருப்பதுதான் நல்லது.

எவ்வளவு என்று கேட்டால், வலிக்காத அளவில் ஆரம்பியுங்கள். வருமானத்தில் 100-க்கு 3 என்றாலும் பரவாயில்லை. சம்பளம் உயரும்போது, உயர்ந்ததில் பாதியை இந்தப் பக்கம் தள்ளுங்கள். இன்னும் கைக்குப் பழகாத பணம் என்பதால் அதை ஒதுக்குவது சுலபம்.

ஒரே பணம்தானே, தனித்தனி உறையில் போட்டு வைப்பதால் என்ன மாறிவிடும்?

கணக்குப்படி ஒன்றும் மாறாது. மனசுப்படி நிறைய மாறும். மனிதர்கள் பணத்தை மனதுக்குள் தனித்தனிப் பெட்டிகளில் வைத்திருப்பது போல நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதியவர் ரிச்சர்ட் தேலர். 2017-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. 'பள்ளிக் கட்டணம்' என்று எழுதிய உறையிலிருந்து வெளிச் சாப்பாட்டுக்குப் பணம் எடுக்கக் கை கூசும். அந்தக் கூச்சத்தை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

குறிப்பாக வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற செலவுகளுக்கு இது மிகவும் உதவும். காப்பீட்டுத் தவணை, வீட்டு வரி, பள்ளி திறக்கும் மாதம், வண்டிப் பராமரிப்பு எல்லாமே வரும் என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வருஷமும் அந்த மாதம் துண்டு விழுகிறது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி, 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் ஒதுக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் கைமாற்று வாங்குவது நின்றுபோனது இந்த ஒரு தாளால்தான்.

அவசரத்துக்கென்று எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?

மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதச் செலவு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒருவர் வருமானத்தில் மட்டும் ஓடும் வீடு, அல்லது வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் வீடு என்றால் ஆறை நோக்கிப் போங்கள். கவனியுங்கள், இது சம்பளக் கணக்கு அல்ல, செலவுக் கணக்கு. வாடகை, சாப்பாடு, மருந்து, கட்டணங்கள் மட்டும் சேர்த்தால் போதும். முதலில் ஒரு மாதச் செலவைச் சேர்த்துவிட்டாலே தூக்கம் நன்றாக வரும்.

கடன் இருக்கும்போது சேமிப்பதா, கடனை அடைப்பதா?

கையில் சின்னதாக ஓர் அவசரத் தொகை வைத்துக்கொண்டு, மீதியை அதிக வட்டி உள்ள கடன் மேல் போடுங்கள். காரணத்தை ஒரு பழைய குறுக்குவழிக் கணக்கு சொல்லிவிடும். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், தொகை எவ்வளவு காலத்தில் இரட்டிப்பாகும் என்று ஏறக்குறைய தெரியும். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1494-லேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார். வருஷத்துக்கு 6 சதவீதம் தரும் சேமிப்பு இரட்டிப்பாக 12 வருஷம். மாதம் 3 சதவீதம் வாங்கும் கடன் அட்டை பாக்கி, கட்டாமலே விட்டால் இரட்டிப்பாக 24 மாதம். மாதம் 3 என்றால் வருஷத்துக்கு 36 என்று நினைத்துக்கொள்கிறோம். வட்டிக்கு வட்டி சேரும்போது அது 42-ஐத் தாண்டும். இந்த இரண்டையும் ஒரே வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போவது கடனை அப்படியே வைத்துக்கொண்டு வாடகை கொடுப்பது மாதிரி.

'வெறும் 10 சதவீத வட்டி' என்கிறார்களே, அது நல்லதுதானே?

எந்த 10 சதவீதம் என்று கேளுங்கள். 1,200 கடன் வாங்கி, 12 மாதத்தில் அடைப்பதாக வையுங்கள். மொத்தத் தொகைக்கும் வருஷம் முழுக்க வட்டி போட்டால் 120 வரும். ஆனால் நீங்கள் மாதாமாதம் 100 அசலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். கடைசி மாதம் உங்கள் கையில் இருப்பது அவர்களுடைய 100 மட்டும்தான். வட்டியோ இன்னும் 1,200-க்குப் போடுகிறார்கள். குறையும் பாக்கிக்குக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த '10' உண்மையில் 18 சதவீதத்துக்குப் பக்கம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது குறையும் பாக்கிக்கு வட்டியா, முழுத் தொகைக்கு வட்டியா?"

'வட்டியில்லாத் தவணை' விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு கடையில் சலவை இயந்திரத்தைத் தவணையில் வாங்கிக் கையெழுத்தும் போட்ட பிறகு, அடுத்து நின்றவர் முழுப் பணத்தையும் கொடுத்து அதே இயந்திரத்தை 8 சதவீதம் குறைத்து வாங்கிக்கொண்டு போனார். எனக்கு விட்டுப்போன அந்தத் தள்ளுபடிதான் வட்டி. இப்போதெல்லாம் தவணையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்று கேட்டுவிடுகிறேன்.

மின்கட்டணத்தைக் குறைக்க விளக்கை அணைத்துக்கொண்டே இருக்கிறோம். போதாதா?

அணைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் எதில் எவ்வளவு போகிறது என்று ஒரு தடவை கணக்குப் பார்த்துவிட்டால் யாரையும் விரட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 15 லிட்டர் தண்ணீரை, அதாவது ஒரு வாளியை, 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதே மின்சாரத்தில் 9 வாட் எல்இடி விளக்கு ஒன்று 58 மணி நேரம் எரியும். குளியலறையில் ஒரு வாளி வெந்நீரை வீணாக்கிவிட்டு, கூடத்தில் விளக்கை மறந்த பிள்ளையைத் திட்டுகிறோம் என்றால், திட்டு இடம் மாறிப் போகிறது.

சூடாக்குவதும் குளிர வைப்பதும்தான் மின்சாரத்தைக் குடிப்பவை. வெந்நீர்ப் பெட்டியைத் தேவையான நேரத்துக்கு மட்டும் போடுங்கள், வெப்பநிலையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். சலவை இயந்திரத்தில் வெந்நீர் ஓட்டத்துக்குப் பதில் குளிர்ந்த நீர் போதுமா பாருங்கள், அந்த இயந்திரம் இழுப்பதில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான். ஏசி வைத்திருப்பவர்கள் வடிகட்டியைக் கழுவி, ஒன்றிரண்டு டிகிரி ஏற்றி வைத்து, கூடவே மின்விசிறியையும் போட்டால் அதே சுகம் கிடைக்கும்.

ஃப்ரிட்ஜுக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு தாளைக் கதவு இடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். தாள் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது, குளிர் இரவும் பகலும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. முதலில் பட்டையை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். பல சமயம் அழுக்குதான் காரணம். அதற்கும் சரியாகவில்லை என்றால் பட்டையை மட்டும் மாற்றலாம்.

பழைய 60 வாட் குண்டு பல்பு எங்காவது மிச்சம் இருந்தால் உடனே மாற்றுங்கள். தினம் 5 மணி நேரம் எரிந்தால் அது வருஷத்துக்கு 110 யூனிட் எடுக்கும். அதே அளவு வெளிச்சம் தரும் எல்இடி சுமார் 16 யூனிட்டோடு நிற்கும். எப்போதும் சுவிட்ச் போட்டபடி விடும் கருவி ஒன்று 5 வாட் இழுத்தால் வருஷத்துக்கு 44 யூனிட். இது நடுத்தரச் செலவு, முடிந்தால் அதன் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

சொட்டுகிற குழாய் உண்மையிலேயே அவ்வளவு பெரிய விஷயமா?

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு சொட்டு கால் மில்லி என்று வைத்தாலும் தினம் 21 லிட்டருக்கு மேல், வருஷத்துக்கு 7,800 லிட்டருக்கு மேல். இத்தனையும் பெரும்பாலும் தேய்ந்துபோன ஒரு சின்ன வாஷரால். கழிப்பறைத் தொட்டியின் கசிவு இன்னும் மோசம், சத்தமே இல்லாமல் நடக்கும். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் நிறப்பொடியைக் கலந்துவிட்டு, அரை மணி நேரம் தண்ணீர் விடாமல் பாருங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் கசிகிறது.

சமையலறையில் எதைக் கவனிப்பது?

அடுப்பை விடக் குப்பைக்கூடையை. வாங்கி, வைத்திருந்து, கெட்டுப்போய்க் கொட்டுவதுதான் சமையலறையின் பெரிய ஓட்டை. ஒரு வாரம், கொட்டுவதற்கு முன் என்ன கொட்டுகிறோம் என்று கூடைக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டி எழுதுங்கள். எங்கள் சீட்டில் ஒரே பொருள் மூன்று தடவை வந்திருந்தது. அதை வாங்கும் அளவைப் பாதியாக்கினோம், அவ்வளவுதான்.

பொட்டலத்தில் இருக்கும் தேதிகளிலும் நிறையக் குழப்பம் உண்டு. 'இதற்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பைப் பற்றியது. அதைத் தாண்டினால் சாப்பிடாதீர்கள். 'இதற்கு முன் சிறந்தது' என்பது ருசியும் தரமும் சம்பந்தப்பட்டது. சரியாக வைத்திருந்தால் அந்தத் தேதிக்கு அடுத்த நாளே அது விஷமாகிவிடாது. ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமைத்ததில் மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். மிச்சம் பிடிக்கப் போய் வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் அதைவிட அதிகம் போய்விடும்.

எரிபொருளுக்கு ஒரு சின்னத் தகவல். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 100 டிகிரியில் கொதிக்கும். அதன் பிறகு தீயை எவ்வளவு ஏற்றினாலும் சூடு அதற்கு மேல் போகாது, ஆவிதான் கூடும். கொதி வந்ததும் மூடி போட்டுத் தீயைக் குறைத்தாலும் அதே நேரத்தில் வெந்துவிடும். பிரஷர் குக்கரில் அழுத்தத்தால் கொதிநிலை 120 டிகிரி வரை ஏறுவதால்தான் சீக்கிரம் வேகிறது.

மொத்தமாக வாங்கினால் லாபமா? தள்ளுபடியில் வாங்கினால்?

கெடாதது, கட்டாயம் தீர்ந்துவிடுவது, வைக்க இடம் இருப்பது. மூன்றும் சரி என்றால் மொத்தமாக வாங்குங்கள். ஆனால் பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்பிவிடாதீர்கள். 100 கிராமுக்கு என்ன வருகிறது என்று போனிலேயே வகுத்துப் பாருங்கள். டப்பா அதே, விலையும் அதே, உள்ளே எடை மட்டும் குறைந்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

'50 சதவீதம் தள்ளுபடி, மேலும் 20 சதவீதம்' என்றால் 70 சதவீதம் அல்ல. 100 முதலில் 50 ஆகும், அந்த 50-இல் 20 சதவீதம் குறைந்து 40. மொத்தம் 60 சதவீதம்தான். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், வாங்க நினைக்காத பொருள் என்றால் அது செலவுதான். பெரிய பொருள் எதையும் நாங்கள் ஒரு சீட்டில் தேதியோடு எழுதி 30 நாள் விட்டுவிடுவோம். பாதிக்கு மேல் தானாகவே உதிர்ந்துவிடும்.

மலிவானதை வாங்குவதா, தரமானதை வாங்குவதா?

எத்தனை தடவை பயன்படும் என்பதால் விலையை வகுத்துப் பாருங்கள். தினம் போடும் செருப்பு, தினம் படுக்கும் மெத்தை, தினம் ஏற்றும் பாத்திரம் இவற்றில் தரம் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு நாள் தேவைப்படும் துளையிடும் கருவியை இரவல் வாங்குங்கள்.

எதில் சிக்கனம் பார்க்கவே கூடாது?

மருந்து. மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு நாள் கடத்துவது வேண்டாம். செலவு கையைக் கடித்தால் அதை மருத்துவரிடமே வெட்கப்படாமல் சொல்லி, அதே மூலப்பொருள் உள்ள பொதுப்பெயர் மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் வண்டியின் டயர், பிரேக், தலைக்கவசம். வீட்டு வயரிங், எரிவாயுக் குழாய். மருத்துவக் காப்பீடு. பல் வலி ஆரம்பித்த வாரமே போனால் சின்ன அடைப்போடு முடிவது, தள்ளிப்போட்டால் வேர் வரை போகும்.

வீட்டில் ஒருவர் சேமிக்கிறார், ஒருவர் செலவழிக்கிறார். சண்டை ஓயவில்லையே?

இரண்டு பேருக்கும் கேள்வி கேட்காத பணம் ஒன்று மாதாமாதம் வேண்டும். தொகை சின்னதாக இருக்கட்டும், இருவருக்கும் சமமாக இருக்கட்டும். அதில் என்ன வாங்கினார் என்று மற்றவர் கேட்கவே கூடாது. எங்கள் வீட்டில் இது வந்த பிறகுதான் மறைத்து வாங்குவது நின்றது.

பணப் பேச்சுக்கு மாதத்தில் ஒரு நாள் வையுங்கள். சம்பளத்துக்கு முந்தைய ஞாயிறு நல்லது. பசியோடும் களைப்போடும் ஆரம்பிக்காதீர்கள். "நீ ஏன் செலவு செய்தாய்" என்று தொடங்கினால் அன்றைக்குப் பேச்சு முடிந்துபோயிற்று. "இந்த மாதம் போக்குவரத்துத் தலைப்பு ஏறியிருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று நோட்டைப் பார்த்துப் பேசுங்கள்.

பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது?

பயத்தைச் சொல்லாதீர்கள், கணக்கைச் சொல்லுங்கள். "நம்மிடம் பணம் இல்லை" என்று கேட்டே வளரும் குழந்தைக்கு மனதுக்குள் ஒரு கலக்கம் தங்கிவிடும். "இந்த மாதம் அதற்கு ஒதுக்கவில்லை, அடுத்த மாதப் பட்டியலில் போடலாமா?" என்றால் அதே குழந்தை யோசிக்கும். மகளுக்கு எட்டு வயதில் இரண்டு கண்ணாடிப் புட்டிகள் கொடுத்தோம், ஒன்று செலவுக்கு, ஒன்று பெரிய ஆசைக்கு. ஒரு தடவை செலவுப் புட்டியை முழுதாகக் கவிழ்த்து ஒரு பொம்மை வாங்கினாள். மூன்றே நாளில் அதன் கை உடைந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, புதிதும் வாங்கித் தரவில்லை. அடுத்த பொம்மையைக் கடையில் அவளே கையை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.

எல்லாம் குறைத்தாயிற்று, வருமானமே போதவில்லை என்றால்?

அப்போது அது சிக்கனத்தால் தீரும் பிரச்சினை அல்ல. உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். வாடகை, கடன் தவணை, போக்குவரத்து மூன்றும்தான் பெரும்பாலும் வருமானத்தை விழுங்குபவை. அவற்றில் ஒன்றை மாற்ற முடியுமா, வருமானத்தைக் கூட்ட வழி உண்டா, உங்களுக்குச் சேர வேண்டிய அரசு உதவி எதையாவது கேட்காமல் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கடன் தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள். முன்னால் போய்ப் பேசினால் கால அவகாசம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

சேர்த்ததை எப்போது எடுத்துச் செலவழிப்பது?

எதற்காகச் சேர்த்தீர்களோ அது வந்துவிட்டால், உடனே. போன வருஷம் கணவருக்குத் திடீரென்று அறுவை சிகிச்சை. காப்பீடு போக மீதியை அவசரக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. வங்கி வரிசையில் நின்றபோது, பல வருஷம் சேர்த்ததைத் தொடுகிறோமே என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மகள், "அம்மா, இதுக்குத்தானே வச்சிருந்தோம்?" என்றாள். யாரிடமும் கை நீட்டாமல் அன்று மாலையே கட்டணத்தைக் கட்டினோம். அடுத்த மாதம் நோட்டில் 'அவசரம்' என்ற தலைப்பில் திரும்ப முதல் தொகையை அவள்தான் எழுதினாள்.